தண்ணீருக்கு நிறம் பார்க்கிற பல்

கரியைக் கழுவுகிற வேலை என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அந்தப் பல் மருத்துவமனையில் மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை அக்கா அதைத்தான் செய்தாள். மிளகு அளவுக்கு உடைத்த கரியை வெள்ளைப் பேசினில் கொட்டி, அலசி, வடித்து, மறுபடி அலசி, பேசினின் அடி பளிச்சென்று தெரிகிற வரைக்கும் விடமாட்டாள். எக்ஸ்ரே எடுக்கிறவர் இரண்டு வருஷமாக ஒரே கேலியைச் சொல்லிக்கொண்டிருந்தார்: கரி எப்போது வெள்ளையாகும், சொன்னால் வந்து பார்க்கிறேன் என்று. உங்கள் தலை முழுசாக வெளுக்கிற அன்றைக்கு என்று அக்காவும் இரண்டு வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் அங்கே எல்லோருக்கும் அக்கா. ஏழு வயது இளையவளான டாக்டருக்கும் அக்காதான். நோயாளிகளை வரவேற்பது, கருவிகளைச் சுத்தம் செய்வது, டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் அவள் வேலை. காத்திருக்கும் கூடத்தின் நடுவே இருந்த நாலடி நீள உப்புத்தண்ணீர்த் தொட்டி அந்தப் பட்டியலில் இல்லை. அதை அவளாக இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

முன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நாலே மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பாசி ஏறி, உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்று குழந்தைகள் பந்தயம் கட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். இரண்டு மாதம் எனக்குக் கொடுங்கள் என்று அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். படித்தாள், விசாரித்தாள். மீன் தின்று கழிப்பதும் பவளம் வழியவிடுவதும் தண்ணீரில் கரைந்து மஞ்சளாக்கும், அதைக் கரி பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்துகொண்டாள். பாசிக்குத் தீனியாகிற பாஸ்பேட்டை இரும்புத் துகள் பிடித்துக்கொள்ளும் என்றும் தெரிந்துகொண்டாள்.

தெரிந்தும் ஒரு தப்புச் செய்தாள். பாசி மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு டப்பா இரும்புத் துகளையும் ஒரேயடியாக ஃபில்டரில் கொட்டிவிட்டாள். பாசி போனது வாஸ்தவம். பாஸ்பேட் ஒரே நாளில் சுத்தமாக வற்றிப்போனதில் பவளமும் நுனி நுனியாக வெளுத்துச் செத்தது. எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அன்று அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும். அதிலிருந்து எதைப் போட்டாலும் பாதிதான். மீதிப் பாதி ஒரு வாரம் கழித்து. அது அவளுடைய சட்டம்.

இன்றைக்கு அந்தத் தொட்டியைப் பார்க்கவேண்டும். ஜோடியாகக் கோமாளி மீன்கள், உள்ளங்கை அகல மஞ்சள் மீன் ஒன்று, பூத்துக் கிடக்கிற பவளம். பல்லைப் பிடுங்க வந்து அலறுகிற குழந்தை அதன் முன்னால் உட்கார்ந்தால் வாயை மூடிக்கொள்ளும். டாக்டருக்கு ஏன் இவ்வளவு கூட்டம் என்று அக்காவைக் கேட்டால், பாதிப் பேர் மீனைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று கூசாமல் சொல்லுவாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டாக்டரின் அண்ணன் வந்தார். ஆலோசனை அண்ணன் என்று அக்கா அவருக்குப் பெயர் வைத்திருந்தாள். திரைச்சீலையின் நிறத்திலிருந்து டாக்டர் சாப்பிடுகிற நேரம் வரை அவரிடம் ஆலோசனை இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்கவைத்தவர் அவர். அதனால் டாக்டருக்கு அவரிடம் மறுத்துப் பேச வாய் வராது. அந்த வியாழக்கிழமை அவர் ஒரு கம்பெனிக்காரரைக் கையோடு கூட்டிவந்திருந்தார். நெஞ்சில் மீன் படம் போட்ட நீலச் சட்டை. வருகிற திங்கட்கிழமையிலிருந்து தொட்டி கம்பெனியின் பொறுப்பு, பல் பார்க்கிற இடத்தில் இருக்கிறவர்கள் பல்லைப் பார்த்தால் போதும் என்றார் அண்ணன்.

அக்கா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மேஜையைப் பார்த்தார்.

"உங்களுக்கும் வேலை ஜாஸ்திதானே அக்கா," என்றார் மெதுவாக.

அக்காவுக்குக் கோபம் வந்தது. இரண்டு வருஷமாக ஜாஸ்தி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

கம்பெனிக்காரர் தொட்டியைச் சுற்றிவந்தார். நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் கரியை மாற்றுவது வீண், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, மூன்று மாதம் தாராளமாக ஓட்டலாம் என்றார். மூலையில் தெரிகிற துளிப் பாசிக்கு இரும்புத் துகள் ஒரு டப்பா முழுசாகப் போட்டுவிடலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் அக்கா தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"தண்ணி மஞ்சளா இருக்கு. கரியோட சக்தி தீர்ந்துபோச்சு. இன்னைக்கு மாத்துற நாள்," என்றாள்.

எங்கே மஞ்சள் என்று அண்ணன் குனிந்து பார்த்தார். எக்ஸ்ரேக்காரர் பார்த்தார். வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்த நோயாளியும் எழுந்து வந்து பார்த்தார். ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. நாளுக்கு நாள் துளித்துளியாக ஏறுகிற மஞ்சள் அப்படித்தான், ஒப்பிட ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் எந்தக் கண்ணையும் ஏமாற்றிவிடும்.

அக்கா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் டாக்டரின் பல் வரிசை இருந்தது. பொய்ப்பல் கட்டும்போது நிறம் பொருத்திப் பார்க்க வைத்திருப்பார்களே, பதினாறு மாதிரிப் பற்கள், பளீர் வெள்ளையில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று மஞ்சளாகப் போகுமே, அதுதான். முதல் பல்லைக் கழற்றிக்கொண்டு மற்றதை டாக்டரின் கையில் கொடுத்தாள். தொட்டியின் ஒரு கோடியில் போய் நின்று, முதல் பல்லைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டிப் பிடித்தாள்.

"நீங்க அந்தக் கோடியில இருந்து பாருங்க டாக்டர். நாலடி தண்ணி வழியா. இது எத்தனாவது பல்லு மாதிரி தெரியுதுன்னு சொல்லுங்க."

டாக்டர் குனிந்தார். பதினைந்து வருஷமாகப் பல்லின் நிறம் பார்த்த கண் அது. கையிலிருந்த வரிசையை ஒட்டிப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். ஐந்தாவது என்றார். பிறகு நிமிர்ந்து அக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

"அதான் சில வியாழக்கிழமை முதல் பல்லு மட்டும் இடம் மாறி மாட்டியிருக்கா?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கழுவி மருந்தில் போட்டுத்தான் திரும்ப வைக்கிறேன் என்று முணுமுணுத்தாள்.

கண்ணுக்கே தெரியாத மஞ்சளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அண்ணன் சலித்துக்கொண்டார்.

"கண்ணுக்குத் தெரியாத மஞ்சள்தான் அண்ணா என் தொழிலே," என்றார் டாக்டர்.

கம்பெனிக்காரர் விடவில்லை. அது விளக்கின் மஞ்சளாகவும் இருக்கலாம், தண்ணீரின் மஞ்சள்தான் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான், அதனால்தான் அக்காவுக்குக் கோபம் இன்னும் கூடியது. விளக்கைத் தொடமாட்டேன், தண்ணீரை மாற்றமாட்டேன், கரியை மட்டும் மாற்றுகிறேன், சனிக்கிழமை வந்து பாருங்கள் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"சனிக்கிழமையும் இதே மஞ்சள் இருந்தா, திங்கட்கிழமை நீங்களே எடுத்துக்குங்க. நான் அந்தப் பக்கமே திரும்பமாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கரியைக் கழுவும்போது உள்ளே உதறல்தான். வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் லேசான வழி ஒன்று சொன்னார். இரண்டு பங்கு கரியைப் போட்டுவிடு, சனிக்கிழமைக்குள் பளிச்சென்றாகிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது? பவளத்துக்குத் தெரியும் என்றாள் அக்கா. மங்கலான தண்ணீர் சட்டென்று தெளிந்தால் விளக்கு வெளிச்சம் முழுசாக இறங்கும், பழகாத பவளம் சுருங்கிக்கொள்ளும். ஜெயிப்பதற்காக அதை வெளிச்சத்தில் சுடுவாளா? வழக்கம் போலப் பாதிக் கரியைத்தான் வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வைத்திருந்தாள். இரண்டு நாளும் பல் வரிசையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை அண்ணனும் கம்பெனிக்காரரும் வந்தார்கள். எக்ஸ்ரேக்காரர் தன் அறையைப் பூட்டிவிட்டே வந்து நின்றார். அக்கா பழைய இடத்தில் நின்று முதல் பல்லைப் பிடித்தாள். இந்த முறை வரிசையைக் கையில் வாங்கிக்கொண்டு கம்பெனிக்காரர் முதலில் குனிந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு வரிசையை டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் பார்த்தார்.

"ரெண்டாவது," என்றார் டாக்டர்.

"ரெண்டாவதுதான்," என்றார் கம்பெனிக்காரர்.

"இன்னும் ஒரு பல்லு பாக்கி இருக்கு," என்றாள் அக்கா. "பாதிதான் போட்டேன். மீதி அடுத்த வியாழக்கிழமை."

ஏன் பாதி என்று கம்பெனிக்காரர் கேட்டார். அக்கா சொன்னாள். வெளிச்சத்தைச் சொன்னாள், இரும்புத் துகளைச் சொன்னாள், எக்ஸ்ரே அறையில் அழுததையும் மறைக்காமல் சொன்னாள். அவர் விரிந்து கிடந்த பவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் வேறொரு இடத்தில் ஒரு டப்பாவை முழுசாகப் போட்டதாகவும், அங்கே இப்போது பவளத்தின் வெறும் வெள்ளை எலும்புதான் நிற்கிறது என்றும், காரணம் இன்றைக்குத்தான் புரிகிறது என்றும் சொன்னார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

"இதை நாங்க எடுத்தா கெடுத்துடுவோம் சார். இவங்க கையிலயே இருக்கட்டும்."

மனுஷன் நேர்மையானவர். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அக்காவுக்கு அங்கேயே கரைந்துபோனது. ஆலோசனை அண்ணனுக்கு முதல் தடவையாக ஆலோசனை எதுவும் தோன்றவில்லை. கம்பெனிக்காரர் போகும்போது அந்தப் பல் வரிசை எங்கே கிடைக்கும் என்று அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

அவள் பல் வரிசையைச் சுத்தம் செய்து எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது டாக்டரின் நாற்காலியில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். அடுத்த மாதம் கல்யாணம், முன்பல் ஒன்று உடைந்திருந்தது. எல்லோர் கண்ணிலும் படுகிற பல், நிறம் கொஞ்சம் தப்பினாலும் ஆயுசுக்கும் தெரியும். இப்படிப்பட்ட பல்லுக்கு டாக்டர் வேறு யாரையும் கிட்டே விடுவதில்லை. அக்கா வழக்கம் போல வரிசையை நீட்டினாள். டாக்டர் வாங்கிக்கொள்ளவில்லை. விளக்கை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, எழுதுவதற்குப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"நீங்க பாருங்க அக்கா. எத்தனாவது?"

அக்கா குனிந்தாள். வரிசையை அந்தப் பெண்ணின் உதட்டோரம் பிடித்து, அவசரப்படாமல், பக்கத்துப் பல்லோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள்.

"நாலாவது," என்றாள்.

டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.