ஒன்பதாம் பக்கம்

கரையான் மருந்து அடிப்பது என் தொழில். நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்தே கூப்பிட்டபோது வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எங்கே கரையான் என்று கேட்டேன். வாசகர் மன்றத்துக் கண்ணாடி அலமாரியில் என்றார்கள். உடனே கிளம்பிவிட்டேன்.

வாசகர் மன்றமாம். நான் அங்கே இருந்த ஐந்து வருடத்தில் அந்த மன்றம் நடந்தது மொத்தம் ஐந்து நாள். மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் மட்டும் அலமாரி திறக்கும். இடுப்பில் சாவியைக் கட்டிக்கொண்டு திரிந்த வாத்தியாருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. அவர்தான் ஆளுக்கொரு புத்தகத்தை விரித்துக் கையில் கொடுப்பார். யாருக்கு எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதெல்லாம் வருடா வருடம் ஒன்றுதான். பக்கத்தைத் திருப்பக் கூடாது, கசங்கிவிடும். அதிகாரியின் வண்டி வாசலைத் தாண்டியதும் எல்லாம் உள்ளே போய்விடும்.

எனக்கு வந்தது ஒரு படகுக்காரர் மகளின் கதை. எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும். வீட்டில் அடி வாங்கிய அவள் ஆற்றங்கரைக்கு ஓடி, அப்பாவின் படகை அவிழ்த்து, துடுப்பைக் கையில் எடுக்கிறாள். அத்தோடு பக்கம் முடிந்துவிடும். ஐந்து வருடமும் அவள் துடுப்பும் கையுமாகவே நின்றாள். எங்கள் வீட்டிலும் அடிக்குப் பஞ்சமில்லை. அதனால் அவள் போனாளா இல்லையா என்பது எனக்கு வெறும் கதை இல்லை.

கடைசி வருடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

"அவ என்ன சார் ஆனா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"இங்க இருக்கிற எல்லாத்தையும் படிச்சவன் நான்," என்றார் சாவிக்கொத்து. "அவ வீட்டுக்குத் திரும்பிப் போய் அப்பா கால்ல விழுந்தா. போதுமா? குடு இப்படி, திருடி."

படிப்பை முடிக்கும்வரை திருடி என்பதே என் பெயர். அதைக்கூட மறந்துவிடலாம். அந்த முடிவை நம்பித் தொலைத்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது. கணவன் கை ஓங்கியபோது இரண்டு முறை துணிப்பையோடு வாசல்வரை போயிருக்கிறேன். அவளே திரும்பிவிட்டாள், நீ எம்மாத்திரம் என்று உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது சாவிக்கொத்துதான் தலைமையாசிரியர். தலை நரைத்திருந்தது, சாவி அதே இடுப்பில். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நாளைக்கு அதிகாரி வர்றார்மா. வெளிப்பக்கம் நல்லா இருக்கிற புக்கையெல்லாம் முன்னாடி அடுக்கிடு. உள்ள மண்ணா இருந்தாலும் பரவாயில்ல."

அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பின்பலகை முழுக்க மண் கோடுகள். கீழ்த்தட்டுப் புத்தகங்களின் அட்டையைத் தொட்டால் உள்ளே வெறும் தூள். பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வராததைக் கரையானுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மேல்தட்டில் என் புத்தகம் முழுசாக இருந்தது.

ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினேன். பதினாறுவரை ஓடியது. அதற்குமேல் பிரிக்க முடியவில்லை. அச்சகத்தில் மடித்த மீதித் தாள்களின் மேல் ஓரத்தை வெட்டாமலே தைத்துவிட்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் ஒருவரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாத்தையும் படித்தவராம்.

பையிலிருந்த பிளேடால் மடிப்பு மடிப்பாகக் கீறினேன். மண் வாடையில் அங்கேயே தரையில் உட்கார்ந்து படித்தேன். அவள் திரும்பவே இல்லை. அக்கரையில் இறங்கினாள், படகை ஆற்றோடு தள்ளிவிட்டாள், நடந்து போய்விட்டாள்.

மருந்தடித்து முடித்ததும் புத்தகத்தோடு அவர் அறைக்குப் போனேன். ஒளிக்கவில்லை.

"அது எங்கம்மா போகுது? பதிவேட்டுல இருக்கிற புக்கு."

"இது எப்படி முடியும் சார்?"

அட்டையில் இருந்த படகைப் பார்த்தார். "நல்லபடியா வீடு வந்து சேருவாங்க. படிச்சிருக்கேன்."

கீறிய பக்கங்களை அவர் மேசையில் விரித்துக் காட்டினேன்.

"கரையான் தின்னுடுச்சுன்னு எழுதிக்கங்க," என்றேன். "இல்லைன்னா திருடி ஒருத்தி எடுத்துட்டுப் போயிட்டாள்னு எழுதுங்க. அந்தப் பேர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

நேராக வீட்டுக்குப் போனேன். துணிப்பையை எடுத்து, முதலில் புத்தகத்தை வைத்தேன்.