பாதிச் செபங்கள் கிடந்த வீடு

குருநகரில் மரியநாயகியின் வீட்டுக்குள் பாதிச் செபங்கள் யன்னல் மட்டத்துக்குக் குவிந்து கிடந்தன. செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு செபத்தின் முதற்பாதியையும் ஒருவர் தொடங்க, மறுபாதியை மற்றவர் சொல்லி முடிப்பது வழக்கம். முடிக்க ஆளில்லாத பாதி மேலே போகாது, சொன்ன இடத்திலேயே தங்கிவிடும். பார்வைக்கு வெயிலில் நடுங்கும் காற்றுத்தான், தூக்கினால் நனைந்த வலையின் பாரம். தெருவில் போகிற சனம் மீன் விலை கேட்கிற குரலிலேயே "இப்ப எவ்வளவு உயரம்?" என்று விசாரித்துவிட்டுப் போகும்.

அந்த வீட்டில் தொடங்குவது மரியநாயகி, முடிப்பது புருஷன் செல்வரட்ணம். கலியாணம் முடித்த நாள் தொட்டு அதுதான் ஒழுங்கு. கடற்தொழில் செய்கிறவர் என்பதால் அவர் "எங்கள் மரண நேரத்திலும்" என்று வரும் இடத்தில் "எங்கள் கரை சேரும் நேரத்திலும்" என்று மாற்றித்தான் சொல்லுவார். வள்ளம் இறக்குகிறவன் வாயில் அந்தச் சொல் வரக்கூடாது என்பது அவருடைய தகப்பன் காலத்து ஏற்பாடு. ஒருநாள் மரியநாயகிக்கு என்ன பிடித்ததோ, கோவிலில் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து, "செபத்தைப் பிழையாச் சொன்னா மாதா என்னெண்டு கேக்கிறது? இண்டைக்கு ஒருக்கா ஒழுங்காச் சொல்லுங்கோ" என்று ஒற்றைக்காலில் நின்றாள். சண்டை வேண்டாம் என்று அவரும் அன்றைக்கு "மரண நேரத்திலும்" என்றே சொன்னார். மறுநாள் விடியக் கடலுக்குப் போன ஒரே மகன் எமில்ராஜ் திரும்பி வரவில்லை. வெறும் வள்ளம்தான் கரை ஒதுங்கியது.

செல்வரட்ணம் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அவள் அழுது தீர்த்திருப்பாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிய, உடுப்புகளை எடுத்துக்கொண்டு பாசையூர்க் கரையில் வலை வைக்கிற கொட்டிலான வாடிக்குப் போனவர்தான், வலை, கடல், வாடி என்று அங்கேயே இருந்துவிட்டார். அன்று பின்னேரமும் மரியநாயகி மெழுகுதிரி கொளுத்தி முதற்பாதியைச் சொன்னாள், வழக்கம்போல நிறுத்தினாள். பதில் வரவில்லை. அந்தப் பாதி மேசையடியில் விழுந்து கிடந்தது.

வருஷங்கள் போயின. பாய் விரிக்க இடமில்லாமல் அவள் அடுப்படிக் குசினிக்குள் படுக்கத் தொடங்கினாள். பகலில் கதைக்க ஆளில்லாமல் தேத்தண்ணிக் கேத்திலோடு கதைத்தாள். பக்கத்து வீட்டு றஜிதா இரக்கப்பட்டு வந்து இருந்து மறுபாதியைச் சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் அசையவில்லை. பங்குச் சுவாமி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பாதியையும் ஒரே ஆள் சொல்லலாம், அதில் பாவம் ஒன்றுமில்லை என்றார்.

"அது அவரின்ரை பாதி, பாதர். நான் எடுத்திட்டா, அவர் வந்து சொல்ல என்ன கிடக்கு?" என்றாள் மரியநாயகி. சுவாமி நல்ல மனிதர், மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

போன மாரியில் பாரம் தாங்காமல் சுவர் வெடித்தது. றஜிதா வாடிக்கு ஓடிப்போய், "அண்ணை, வீடு விழப்போகுது. அக்கா உள்ளுக்கைதான் இருக்கிறா" என்றாள். செல்வரட்ணம் ஒரு பனங்குற்றியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முட்டுக் கொடுக்க வந்தாரே ஒழிய, செபம் சொல்ல வரவில்லை. குற்றியை நிறுத்திவிட்டு, பாதிகளில் கொஞ்சத்தை முற்றத்தில் இழுத்துப் போட்டால் சுவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று குனிந்து ஒன்றைப் பிடித்தார். அது அசையவில்லை. கிட்டக் காதை வைத்தபோது மனைவியின் குரல் கேட்டது. முதற்பாதியைச் சொல்லி முடித்துவிட்டு, அவருக்காக அது காத்துக்கொண்டு நின்றது. கிழவர் அதன் பக்கத்தில் நிலத்தில் குந்தினார்.

குசினி வாசலில் மரியநாயகி வந்து நின்றாள். "அண்டைக்கு உங்களை அப்பிடிச் சொல்ல வைச்சது என்ரை பிழை" என்றாள்.

"விசர்க்கதை கதையாதை. அந்தச் சொல்லாலே பெடியன் போகேல்லை. கடல்காத்தாலே போனவன்" என்றார் செல்வரட்ணம். இதைச் சொல்ல அவருக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. பிறகு அந்தச் செபத்தின் மறுபாதியைச் சொன்னார். மரணம் என்றாரா, கரை என்றாரா என்பதில் குருநகரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. எதுவாக இருந்தாலும் அந்தப் பாதி நிலத்தை விட்டுக் கிளம்பி, கூரை ஓட்டில் ஒரு கீறலும் விழாமல் மேலே போய்விட்டது. மற்றவை அப்படியே கிடந்தன.

இப்போது அவர் பின்னேரங்களில் வருகிறார். அன்றைய செபமாலைக்குப் பதில் சொன்ன கையோடு, பழையதில் தொண்டை தாங்குமட்டும் முடிப்பார். சாப்பிட்டுவிட்டு வாடிக்குத் திரும்பிவிடுவார், வீட்டில் இரண்டு பாய் விரிக்க இன்னும் இடமில்லை. முன்பு அவர் பாய் விரித்த சுவரோரம் கிடப்பவற்றை முதலில் முடிக்கும்படி மரியநாயகி கேட்டிருக்கிறாள்.