பாக்கெட் யானையும் காக்கிப் பையும்

சத்தியம் செய்வதற்கு முன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாக வேண்டும் என்று டெய்லரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். கூலிங்காரன் வைத்தான். வைத்த கை சும்மா இருக்க முடியாமல் மேஜை மேலிருந்த பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

"சனி, ஞாயிறு ரெண்டே நாள். போன் அணைஞ்சிருக்கணும். எவன் வீட்டு ஏசி புகைஞ்சாலும் நமக்குத் தெரியக் கூடாது. ரிப்பேர்ங்கற பேச்சே எடுக்கக் கூடாது. டூல்ஸ் பை வீட்டுலயே கிடக்கணும். சத்தியமா?"

"சத்தியமா."

"தலையில அடிச்சுச் சொல்லுங்க."

"யாரு தலையில?"

"உங்க தலையிலதான். என் தலைக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் யார் போய் யானை பார்க்கறது?"

அவன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு அது பழகிய காரியம்தான் என்று முணுமுணுத்தது அவள் காதில் விழாமல் இல்லை. காரியம் ஆக வேண்டும் என்பதால் விட்டுவிட்டாள்.

இருவருக்கும் அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர்கள் உண்டு. தெருவில்தான் யாரும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. ஏசியும் ஃபிரிட்ஜும் பழுது பார்ப்பதால் அவன் கூலிங்காரன். பள்ளிக்கூடச் சீருடை தைப்பதால் அவள் டெய்லரம்மா. இரண்டு தொழிலுக்கும் கோடைதான் சீசன். வெயில் ஏற ஏற அவனுக்கு போன் மேல் போன் வரும். பள்ளி திறக்கும் நாள் நெருங்க நெருங்க அவள் மெஷினைச் சுற்றித் துணி மலை எழும்பும். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் ஒரு கோடையில்கூட இரண்டு பேரும் சேர்ந்து தெருமுனையைத் தாண்டியதில்லை.

மற்ற மாதங்களில் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். டெய்லரம்மாவுக்குப் பார்க்க வேண்டியிருந்தது யானை. அவள் வருடாவருடம் சீருடை தைத்துக் கொடுக்கும் மழலையர் பள்ளிக்குச் சின்னம் யானைதான். ஒவ்வொரு சட்டைப் பாக்கெட்டிலும் சாம்பல் துணியில் ஒரு யானை வெட்டி ஒட்டித் தைக்க வேண்டும். இதுவரை எத்தனை ஆயிரம் யானைக்குக் காது வெட்டியிருப்பாள், கறுப்பு நூலில் கண் வைத்திருப்பாள்! அப்படிப்பட்டவள் உயிருள்ள யானை ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. போன வருடம் அளவு கொடுக்க வந்த ஒரு நாலு வயது வாண்டு, "ஆன்ட்டி, உங்க யானைக்கு வால் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று பிடித்தது டெய்லரம்மாவுக்கு. சாப்பிடும்போதும் வால், தூங்கும்போதும் வால்.

விசாரித்தபோது, எட்டு மணி நேரத் தொலைவில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது என்றார்கள். மழைக்காலத்தில் காடு முழுக்கத் தண்ணீர் இருப்பதால் யானைகள் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாதாம். உச்சிக் கோடையில் மற்ற குட்டைகள் வற்றிவிடும். அப்போது மோட்டார் போட்டு நிரப்பும் ஒரே ஒரு குட்டைக்கு அவை வந்தே தீருமாம். பக்கத்திலிருக்கும் மரக் கோபுரத்தில் ஒரு மாலைக்கு நாலு பேருக்குத்தான் இடம். மூன்று மாதம் காத்திருந்து, ஒரு சனிக்கிழமை மாலைக்கு இரண்டு இடம் வாங்கினாள். மகளை அத்தை வீட்டுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தியம்.

பைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சீருடைக்கு வாங்கி மிஞ்சிய காக்கித் துணியில் டெய்லரம்மா இரண்டு பைகள் தைத்திருந்தாள். ஒன்று அவனுடைய கருவிகளுக்கு, மற்றது வீட்டுக்கு. அளவு, ஜிப், பக்கவாட்டுப் பை எல்லாம் அச்சு அசல் ஒன்று. மாறிவிடக் கூடாதே என்று கருவிப் பையின் கைப்பிடியில் சிவப்பு நூலிலும், வீட்டுப் பையில் நீல நூலிலும் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தாள். தன் சாமர்த்தியத்தில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

சனிக்கிழமை வெளிச்சம் வருவதற்கு முன்பே எழுந்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, எதை யார் ஏற்றினார்கள் என்று தெரியாத அமளியில் கிளம்பினார்கள். ஊருக்கெல்லாம் குளிர்ச்சி கொடுப்பவனுடைய காரில் ஏசி வேலை செய்யாது. நாலு வருடமாக "அடுத்த வாரம் பார்த்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் எதிர்பார்த்தே ஜன்னல்களுக்குப் பருத்தித் திரை தைத்து எடுத்து வந்திருந்தாள். அதை நனைத்துத் தொங்கவிட்டால் பத்து நிமிடம் ஜில்லென்று காற்று வரும், பதினோராவது நிமிடம் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும்.

இருந்தாலும் என்ன சந்தோஷம்! டெய்லரம்மா வாய் மூடவில்லை. கடந்து போன லாரியைப் பற்றிப் பேசினாள், பட்டன் கடைக்காரனைப் பற்றிப் பேசினாள், மகளின் கணக்கு வாத்தியாரைப் பற்றிப் பேசினாள். நடுவில் அனுமதிச் சீட்டைப் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடினாள். கைப்பையில் இல்லை.

"நீங்கதான் எங்கயோ தூக்கி வெச்சிருப்பீங்க."

"உன் கண்ணாடியை நான் எதுக்கும்மா தூக்கறேன்?"

"வேற யார் தூக்குவா?"

மத்தியானம் ரோட்டோரம் ஒரு பெரிய மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். ரொட்டி, அவித்த முட்டை, பழம் எல்லாம் காக்கிப் பையில் இருந்தது. அவன் போய் டிக்கியைத் திறந்தான். நடு ஜிப்பைத் திறந்து பார்த்தான், பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து எட்டிப் பார்த்தான், இரண்டையும் மூடினான். பிறகு அசையாமல் நின்றான்.

அவள் இறங்கி வந்து திறந்தாள். உள்ளே ஸ்பேனர்கள், பிளேயர், கேஸ் அளக்கும் மீட்டர், சுருட்டி வைத்த ஒயர்.

"நினைச்சேன்! தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு, டிக்கியில ஒளிச்சு வெச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க!"

"நான் எடுக்கலம்மா."

"அப்போ தானா நடந்து வந்து ஏறிக்கிச்சா?"

அவன் பதில் பேசவில்லை. அந்த மௌனத்தை அவள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்துப் பாக்கி எல்லாம் அப்போது வெளியே வந்தது. மகள் பிறந்த அன்று ஒரு ஹோட்டல் ஃபிரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததிலிருந்து ஆரம்பித்தாள். திட்டுவது ஒரு பக்கம் இருந்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு உண்மையாகவே வலித்தது. இரண்டு நாளைக்கூட இந்த மனுஷனால் தனக்கென்று ஒதுக்க முடியவில்லையே!

அவன் போய் எதிர்ப்பக்கம் குவித்து விற்றவரிடம் ஒரு தர்பூசணி வாங்கி வந்தான். வெட்டக் கத்தி இல்லை. பையிலிருந்து பிரிக்காத ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்துக் கழுவி, செம்புக் குழாயை அறுக்கிற அதே பக்குவத்தில் பழத்தை அறுத்தான். துண்டுகள் அளவெடுத்த மாதிரி வந்தன. கோபத்தோடு தர்பூசணி தின்பது மகா கஷ்டம். சாறு முழங்கை வரைக்கும் வழிகிறது, விதையைத் துப்ப வேண்டியிருக்கிறது, திட்டு நடுநடுவே அறுந்து போகிறது. மூன்றாவது துண்டில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கும் சேர்த்து அவனைத் திட்டினாள்.

பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. வாசலில் வனக்காவலர் ஒருவர் தொப்பியால் விசிறிக்கொண்டு வந்தார். வரும்போதே முகம் சரியில்லை.

"சொல்லவே கஷ்டமா இருக்கும்மா. குட்டைக்குத் தண்ணி விடற மோட்டார் வியாழக்கிழமை படுத்துடுச்சு. குட்டை காஞ்சு கிடக்கு. யானைங்க வந்து மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. டவுன்லேருந்து மெக்கானிக் திங்கக்கிழமைதான் வருவாராம். உங்களோட இடம் வாங்கின மத்த ரெண்டு பேரும் கேட்டுட்டு அப்படியே கிளம்பிட்டாங்க."

"மோட்டாருக்கு என்ன?" என்றாள் டெய்லரம்மா.

"சுவிட்சைப் போட்டா ம்ம்ம்னு உறுமுது. சுத்த மாட்டேங்குது."

அவள் ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள். அவன் மும்முரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத ஒரு ஸ்குரூவை மெல்லத் திருகிக்கொண்டிருந்தன.

அறையில் இரண்டு இரும்புக் கட்டில், ஒரு கொசுவலை, சூட்டை எடுத்துச் சூட்டையே திருப்பிக் கொடுக்கும் ஒரு மின்விசிறி. டெய்லரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எட்டு மணி நேரப் பயணம், மூன்று மாதக் காத்திருப்பு. இதை விட்டால் அடுத்த கோடை. அடுத்த கோடையில் யார் கண்டது? இந்தக் கோடையே பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு என்ன கோளாறுன்னு தெரியும்தானே?"

"எதுல?"

"நடிக்காதீங்க. உறுமுதுன்னு அவர் சொன்னப்பவே உங்க காது நிமிர்ந்துச்சு."

"ரிப்பேர் பேச்சு எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். தலையில அடிச்சு."

"உங்க தலைதானே!"

"அதான் எனக்கும் கொஞ்சம் பயமா இருக்கு."

அவனைப் போகச் சொன்னால் தான் தோற்ற மாதிரி. காலம் முழுக்க, 'நீதானே போகச் சொன்னே' என்பான். போகச் சொல்லாவிட்டால் யானை இல்லை. டெய்லரம்மா கொசுவலையின் ஓட்டைகளை எண்ணுவது போல அதையே பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"அந்தப் பையை எடுங்க."

"எந்தப் பை?"

"அடி வாங்குவீங்க."

மோட்டார் அறை தகரக் கூரை போட்ட சின்ன அறை. உள்ளே நிற்பது அடுப்புக்குள் நிற்பது போலத்தான். அவன் காவலரைச் சுவிட்சைப் போடச் சொல்லி இரண்டு நொடி கேட்டான், அணைக்கச் சொன்னான், மெயினையும் இறக்கச் சொன்னான். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. யானை பார்க்கப் போகிற குழந்தையின் முகம் அவனுக்குத்தான் இருந்தது.

"கெப்பாசிட்டர் போயிருக்கு சார். மோட்டார் கிளம்பறதுக்குத் தள்ளிவிடற சாமான் இது. இந்த அளவுதான் ஏசிக்கும் போடுவோம். பையில புதுசு ரெண்டு கிடக்கு. ஏம்மா, அந்த டெஸ்டரைக் கொஞ்சம் எடு."

அவள் பக்கவாட்டு ஜிப்பில் கை வைத்தாள்.

"அதுல இல்ல! நடு ஜிப்பு, நடு ஜிப்பு" என்றான் அவசரமாக.

அதற்குள் அவள் திறந்துவிட்டாள். உள்ளே அவளுடைய கண்ணாடிக் கூடு.

விடியற்காலை அப்படியே கண் முன்னால் வந்தது. அவன் வண்டிக்கு முன்னால் குனிந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவள்தான் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு, கூட்டைப் பையின் பக்கத்தில் செருகி, ஜிப்பை இழுத்து, தூக்கி டிக்கியில் வைத்து, "எல்லாம் ஏத்தியாச்சு!" என்று குரல் கொடுத்தாள். கண்ணாடி இல்லாத கண்ணுக்குச் சிவப்பு நூலாவது, நீல நூலாவது! சத்தம் போடாமல் கூட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு டெஸ்டரை நீட்டினாள். காது மடலெல்லாம் சுட்டது. அதற்குத் தகரக் கூரை காரணமில்லை.

கால் மணி நேரத்தில் மோட்டார் ஒரு குலுங்கு குலுங்கிச் சுற்றத் தொடங்கியது. குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. காவலர் தொப்பியைக் கழற்றி அதில் தண்ணீர் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். "வாசனை காத்துல போனா போதும்மா. தானா வரும்" என்றார்.

வெயில் தாழ, இருவரையும் கோபுரத்தில் ஏற்றிவிட்டு ஒரே ஒரு விதி சொன்னார். கீழே இறங்கும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுத்தால்கூடத் திரும்பிப் போய்விடும்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்தி உட்கார்ந்திருப்பது டெய்லரம்மாவின் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. பத்து நிமிடத்தில் தவித்துப்போனாள். குட்டை நிரம்பியதும் காவலர் மோட்டாரை நிறுத்த, காடு அமைதியானது. சற்று நேரத்தில் எதிர்ப்பக்கப் புதர் அசைந்தது.

முதலில் ஒரு பெரிய யானை வந்தது. பின்னால் இரண்டு, அவற்றின் கால்களுக்கு நடுவில் ஒரு குட்டி. ஓசையே இல்லை. அத்தனை பெரிய உடம்புகள் எப்படி அத்தனை மெதுவாகக் கால் வைக்கின்றன என்று அவளுக்குப் புரியவில்லை. குட்டி நேராகச் சேற்றில் போய் விழுந்து புரண்டது. தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் அதையே மிதித்துக்கொண்டது. பெரிய யானை குடித்து முடித்துத் திரும்பி நின்றபோது வால் நன்றாகத் தெரிந்தது. நுனியில் அவள் வைத்துத் தைத்த மாதிரி உருண்டைக் குஞ்சம் இல்லை. முடி இரண்டு பக்கமும் வரிசையாக, இறகு போல் இருந்தது. வாண்டு சொன்னது சரிதான்! டெய்லரம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. உடம்பு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று!

கைப்பையில் எப்போதும் துணியில் கோடு போடும் ஒரு சாக்பீஸ் கிடக்கும். அதை எடுத்து, முன்னால் இருந்த பலகையில் எழுதினாள்: 'பையை ஏத்தினது நான்தான்.'

அவன் படித்தான். சாக்பீஸை வாங்கிக் கீழே ஏதோ எழுதினான். அவளுக்கு எழுத்துகள் புழு மாதிரி நெளிந்தன. வேறு வழியில்லாமல் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அதைப் பார்த்ததும் அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

'தெரியும். மத்தியானமே கூட்டைப் பார்த்துட்டேன்.'

'அப்பவே ஏன் சொல்லல?'

அவன் குனிந்து, பலகையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எழுதினான்.

'சொல்லியிருந்தா வாயை மூடிட்டு வந்திருப்பே. வருஷம் பூரா கம்ப்ரஸர் சத்தம்தான் கேக்கறேன். ரெண்டு நாள் உன் சத்தம் கேக்கணும்னுதான் கிளம்பி வந்தேன்.'

டெய்லரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். சாக்பீஸை வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள். கண்ணாடி ஈரமாகி மங்கிவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி யானை புதருக்குள் மறையும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு கைக்குட்டையால் பலகையைத் துடைத்துவிட்டு, அவன் பின்னால் ஏணியில் இறங்கினாள். கால் தரையில் படக் காத்திருந்தவள் போல, பட்டதும் ஆரம்பித்தாள்.

"அந்த வால் இருக்கே..."

"ம்" என்றான் கூலிங்காரன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "சொல்லு."