மாப்பிள்ளையின் சிகரெட்

அந்த லாரி கம்பெனி ஆபீசில் பியூனுக்கு 'இருமல் அண்ணன்' என்றே பெயர். பீடி, சிகரெட் எதையும் வாயில் வைத்தறியாத மனிதர். இருந்தும் இருமல், அதுவும் எப்பேர்ப்பட்ட இருமல்! பக்கத்து அறை டைப்பிஸ்ட் காதைப் பொத்திக்கொள்வாள்.

எல்லாம் மேனேஜர் புண்ணியம். அவர் முதலாளியின் மாப்பிள்ளை. மாமனாருக்கோ சிகரெட் என்றாலே ஆகாது. டிராயரைக்கூட இழுத்துப் பார்க்கிற ஆள். அதனால் மாப்பிள்ளையின் பாக்கெட்டும் லைட்டரும் இருமல் அண்ணன் சட்டைப்பையில்தான் குடித்தனம் நடத்தின. மணி அடித்தால் உள்ளே போய்ப் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், கதவோரம் காவல் நிற்க வேண்டும். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் சாம்பல் தட்டுகிற சாசரில் கிடக்கும் சிகரெட் துண்டுகளைத் தாளில் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, சாசரைத் துடைத்து வைக்க வேண்டும். ஊதினவர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். புகை இவர் நெஞ்சில் இறங்கியது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

வீட்டிலும் நிம்மதி இல்லை. "சிகரெட் குடிக்கலைன்னு வாய் கூசாம சத்தியம் பண்றீங்க, சட்டை நாறுதே!" என்பாள் மனைவி.

"இனியும் புகையில நின்னா நெஞ்சு தாங்காது" என்று டாக்டர் கறாராகச் சொன்ன வாரத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. வேலை செய்யும் இடத்தில் யாரும் புகைக்கக் கூடாது. அறிவிப்புப் பலகையை வாசலில் ஆணியடித்து மாட்டியவரே இவர்தான். அடியில் புகார் சொல்ல ஒரு நம்பர் இருந்தது. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டான் என்று, பெயர் சொல்லாமல் போன் போட்டார்.

"மத்தியானம் வாங்க சார். கையும் களவுமாப் பிடிக்கலாம்."

வந்தார்கள். முன்னால் சுகாதார அதிகாரி, பின்னால் முதலாளி. காலடிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தானே காலையிலிருந்து தவம் கிடந்தார்! ஆனால் பாழாய்ப்போன கை அவரைக் கேட்கவே இல்லை. மாப்பிள்ளை விரலிலிருந்ததை வாங்கி அணைத்தது, துண்டுகளைச் சுருட்டியது, பைக்குள் போட்டது, சாசரைத் துடைத்தது. கதவு திறந்தபோது மேசை பளிச்சென்று இருந்தது.

"புகை மண்டிக் கிடக்கே, யார் பிடிச்சது?" என்றார் அதிகாரி.

மாப்பிள்ளை ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். "எத்தனை தடவை சொல்லியாச்சு, இந்த மனுஷன் கேட்டாத்தானே! பையைப் பாருங்க."

பாக்கெட், லைட்டர், சூடு ஆறாத துண்டு எல்லாம் வெளியே வந்தன.

"ஐயோ, உங்களை வரச் சொல்லி போன் பண்ணதே நான்தான் சார்!"

அதிகாரி சிரித்துவிட்டார். "தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிறவன் எங்கயாவது உண்டாய்யா?"

பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு இருமல்தான் வந்தது.

"இந்த இருமல் போதாதா, யாருன்னு தெரிய?" என்றார் முதலாளி. அன்றோடு வேலை போயிற்று.

வீட்டில், மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சட்டையை வாங்கிப் பையைத் திருப்பி உதறினாள். சாம்பல் கொட்டியது.

"வேலையே போயிருச்சு. இப்பவாவது அந்தக் கருமத்தை விட்டுத் தொலைங்களேன்" என்றாள்.