மேட்டைச் சுற்றிவந்த பரிசத் தட்டு

அன்று மேட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாதவர்கள்தான் பிறகு அதிகம் பேசுகிறார்கள். பெண்ணின் தகப்பனார் முத்துலிங்கம், ஏழாம் இலக்க வீடு. அவர் மனைவி சண்முகவடிவு. பரிசம் வாங்கவிருந்த மகள் வினோதா. ராகலையிலிருந்து வந்த மாப்பிள்ளை யோகேஸ்வரன், அவன் தகப்பனார் வீரய்யா, தாயார் நாகலெட்சுமி. அவர்களை வேனில் ஏற்றிவந்த லிந்துலைக் கடைக்காரர் மஃறூப். ஆறாம் இலக்கத்துப் பேச்சியம்மா, எட்டாம் இலக்கத்துப் பிரியந்தி. மீதி வீடுகளின் பெண்கள் பதினொரு பேர், அவரவர் வாசலில். வேறு யாரும் இல்லை.

முத்துலிங்கம் தேயிலை ஃபெக்டரியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, ஒருநாள்கூட யாரிடமும் பேச்சு வாங்காமல் வீட்டுக்கு வந்தவர். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியதில்லை என்பது அவருக்குப் பெரிய விஷயம். அதனால்தான் ராகலையில் சம்பந்தம் பேசப் போனபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"எங்க பக்கம் பரிசத் தட்டு தரையில படாதுங்க. நீங்க தூக்கிட்டும் வர வேணாம். ஊரே கைமாத்திக் கொண்டாந்து எங்க வாசல்ல வைக்கும்."

"அப்படியா? அதையும் பாத்துருவோம் சம்பந்தி," என்றார் வீரய்யா.

சொன்னது பொய்யில்லை. பழைய லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு காம்பராக்களுக்கும் சேர்த்து ஒரே கூரை. முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நீளத்துக்கு இஸ்தோப்புத் திண்ணை. மாப்பிள்ளை வீட்டார் முதல் காம்பரா வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு வாசல் பெண்ணும் இடக்கைப் பக்கம் வருகிற தட்டை வாங்கி வலக்கைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுப்பாள். பெண் வீட்டு வாசலுக்கு வந்ததும் விளக்கடியில் வைத்துக் குலவை போடுவார்கள். குலவை கேட்ட பிறகே மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நடப்பார்கள். தட்டு எங்கே போகிறது என்று யாரும் பார்க்க வேண்டியதே இல்லை. லயத்தில் போவதற்கு ஒரே திசைதான் உண்டு.

லயத்தை இடித்துவிட்டுக் கட்டிக்கொடுத்த புதிய வீடுகள் அப்படியில்லை. ஒரு மேட்டைச் சுற்றிப் பதினான்கு வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே நீலக் கூரை, ஒரே மஞ்சள் சுவர். ஒன்றுக்கொன்று முகம் பார்க்காதபடி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பி நின்றது. வீட்டுப் படம் வரைந்த ஐயா நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குறட்டையை இவ்வளவு காலம் கேட்டது போதும் என்று நினைத்திருப்பார். கீழே வேன் நிற்கிற இடத்தில் ஒரு சிமெந்து நடைபாதை தொடங்கி, வளையல் மாதிரி மேட்டைச் சுற்றி, திரும்பவும் வேன் நிற்கிற இடத்திலேயே முடிந்தது.

அந்தப் பாதை முத்துலிங்கத்தின் முற்றத்துக்குக் குறுக்கே போனது. குடிவந்த முதல் வாரமே அவர் நாடாவைப் பிடித்து அளந்தார். பாதையும் அவருடைய ஏழு பேர்ச் நிலத்துக்குள் அடக்கம். நாலு தலைமுறையாகத் தன் பெயரில் ஒரு பிடி மண் இல்லாதிருந்த குடும்பத்துக்கு உறுதிப் பத்திரம் கிடைத்திருக்கிறது. இடித்த லயத்தின் கூரைத் தகரங்களை வாங்கிவந்து ஆறடி உயரத்துக்கு வேலி அடைத்தார். ஒரு தகரக் கதவும் போட்டார். ஊர் சனம் வேலிக்கு வெளியே, சரிவில், புதிதாக ஒரு ஒற்றையடிப் பாதை போட்டுக்கொண்டது. மழைக்காலத்தில் அதில் போகிறவர்கள் பாதித் தூரம் நடந்து மீதித் தூரம் சறுக்கினார்கள். லயத்தில் நாற்பது வருடம் அவரோடு ஒரே சுவரைப் பங்குபோட்ட பேச்சியம்மா ஒருமுறை சறுக்கி விழுந்து, எழுந்து, தகரத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனவர்தான். எட்டு மாதமாகப் பேச்சில்லை. முத்துலிங்கத்தைப் பார்த்து மற்றவர்களும் வேலி போட்டார்கள்.

ஆனாலும் பரிசத்துக்கு வரச் சொல்லிச் சண்முகவடிவு வெற்றிலை வைத்தபோது, பதினான்கு வீட்டில் ஒரு வீடும் மறுக்கவில்லை.

நல்ல நேரம் பத்தரை வரைக்கும். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வேன் வந்தது. முத்துலிங்கம் பட்டு வேட்டியில், தகரக் கதவைச் சாத்திக்கொண்டு, வேலிக்குள்ளே நின்றார். தட்டு வரட்டும், குலவை போட்டுவிட்டு, சம்பந்தி நடந்து வரும்போது கதவை அகலத் திறப்பது என்று அவர் திட்டம். உள்ளே குத்துவிளக்கு எரிந்தது.

முதலாம் இலக்கத்திலிருந்து சத்தம் புறப்பட்டது. வீட்டுக்கு வீடு இருபது முப்பது காலடி தூரம் இருந்ததால், பெண்கள் தட்டை வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு, அடுத்த தட்டுக்குத் திரும்பி ஓடிவந்தார்கள். மேடு முழுக்க வளையலும் சிரிப்புமாக இருந்தது.

"ஏய் பாத்து, மாலை வழுக்குது!"

"காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்கப் பிந்துனாகூட இப்பிடி ஓடுனதில்லடி!"

சத்தம் ஆறாம் இலக்கத்துக்கு வந்தது. வேலியோரம் வந்தது. முத்துலிங்கம் தோளைச் சரிசெய்தார். சத்தம் வேலியைச் சுற்றிக்கொண்டு எட்டாம் இலக்கத்துக்குப் போனது. அங்கிருந்து ஒன்பது, பத்து என்று தேய்ந்து மறைந்தது.

"என்னங்க, போயிருச்சு?" என்றார் சண்முகவடிவு.

"எங்க போகும்? வரும்."

உண்மையில் நடந்தது இதுதான். பேச்சியம்மா தட்டோடு வேலிவரை வந்தார். வாசலும் தெரியவில்லை, விளக்கும் தெரியவில்லை. ஆறடித் தகரம்தான் தெரிந்தது. எட்டாம் இலக்கத்துப் பிரியந்தியோ இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சரிவுப் பாதையில் பாதித் தூரம் வந்துவிட்டாள். நாற்பது வருடப் பழக்கம். நீட்டிய கையைப் பார்த்ததும் பேச்சியம்மாவின் கை கொடுத்துவிட்டது. லயமாக இருந்தால் கடைசிக் காம்பராவில் சுவர் தடுக்கும். மேட்டுக்கு ஏது கோடி? பதினொரு தட்டும் மேட்டைச் சுற்றி ஓடி, பதினான்காம் இலக்கம் தாண்டி, வேனடியில் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமியின் மடிக்கே வந்து சேர்ந்தன.

வினோதாவின் ஃபோன் கிணுகிணுத்தது. யோகேஸ்வரனின் செய்தி. அவள் படித்துவிட்டு நெற்றிச்சுட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, தட்டெல்லாம் அவங்ககிட்டயே திரும்பிப் போயிருச்சாம்."

"என்னது?"

"நாம வேணாம்னு திருப்பி அனுப்பிட்டோம்னு மாமி அழுவுறாங்களாம். மாமா வேன் சாவியக் கேக்குறாராம்."

முத்துலிங்கத்துக்கு வேட்டி இறுகியது போலிருந்தது. பரிசத் தட்டைத் திருப்பி அனுப்புவது என்றால் பெண் இல்லை என்று முகத்தில் அடித்தது மாதிரி.

ஃபோன் மறுபடி கிணுகிணுத்தது. வினோதா படித்தாள்: "மஃறூப் நானா சாவியப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, 'இது இந்த ஊர் மொறைங்க. மொத சுத்து காட்டுறதுக்கு, ரெண்டாவது சுத்து குடுக்கிறதுக்கு'ன்னு சொல்லிட்டாராம். திரும்ப ஒன்னாம் வீட்டுல ஏத்திவிட்டாச்சாம். ஆனா இன்னொருவாட்டி திரும்பி வந்தா நடந்தாவது ராகலைக்குப் போயிருவோம்னு மாமா சொல்றாராம்."

"அப்படி ஒரு மொறையே இல்லயே," என்றார் முத்துலிங்கம்.

"இப்ப அதுவா முக்கியம்? கதவத் தெறந்து வாங்குங்க!" என்றார் சண்முகவடிவு.

"வெளிய போயி நின்னு வாங்குறதா? பொண்ணப் பெத்தவன் பரிசத்தக் கேட்டு வாங்குனான்னு ராகலை வரைக்கும் சிரிக்கவா? தட்டு தானா வரணும்."

"நான் அவருக்கு மெசேஜ் போடுறேன்ப்பா, ஏழாம் நம்பர்ல நிப்பாட்டச் சொல்லி."

"பொண்ணே கேட்டான்னா அது இன்னும் மோசம்!" அவர் ஃபோனைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மணி பத்து பதினெட்டு. இரண்டாம் சுற்று முதல் சுற்றைவிட வேகமாக வந்தது. பெண்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்றாம் இலக்கத்தில் யாரோ எண்ணிக்கையைத் தவறவிட்டு முதலிலிருந்து எண்ணினாள். அங்கே இரண்டு வாழைப்பழம் குறைந்துபோயிருந்ததாகவும் கேட்டது. பேச்சியம்மாவின் குரல் வேலிக்கு மேலால் ஏறி விழுந்தது:

"மூடுன கதவுல தட்டிக் குடுக்க எனக்கு மானம் இல்லயா? தொறந்திருந்தா வைப்பேன், இல்லாட்டி போய்க்கிட்டே இருக்கும்! தேங்கா தட்டு வருதுடி பிரியந்தி!"

முத்துலிங்கம் கதவைப் பார்த்தார். இப்போது திறந்தால் தட்டுக்காகத் திறந்ததாகிவிடும். வேலியைப் பார்த்தார். தன் நிலத்தில் நிற்கிற தன் வேலியை ஒரு மனிதன் எந்த நேரத்திலும் பிடுங்கலாம். அதற்கு எந்த ஊரிலும் வேறு அர்த்தம் கிடையாது.

"வடிவு, அலவாங்கு எங்க?"

"இந்த நேரத்துல அலவாங்கா?"

மூலையில் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை அவரே எடுத்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் கட்டையின் அடியில் கொடுத்து நெம்பினார். தான் கிட்டித்து இறுக்கிய கட்டை, லேசில் வருமா? இரண்டாவது நெம்பலில் கட்டை பெயர்ந்தது. அதோடு நான்கு தகரமும், அவற்றோடு சேர்ந்திருந்த இன்னும் ஆறு தகரமும் சரிவுப் பக்கமாக, ஃபெக்டரியே உருண்டு விழுந்த மாதிரி சத்தத்தோடு படுத்தன. கோழிகள் மேட்டின் நாலு பக்கமும் பறந்தன.

விழுகிற தகரத்துக்கு ஒரே தாவலில் தப்பித்த பேச்சியம்மா, வேலி விட்ட இடைவெளி வழியாக, சிமெந்துப் பாதை மேலே, முத்துலிங்கத்தின் முற்றத்து நடுவில் வந்து நின்றார். தட்டு தலைக்கு மேலே இருந்தது. ஒரு தேங்காய்கூட உருளவில்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்னண்ணே, வேலியக் காணோம்?"

"என் வேலி. பிடுங்குனேன்."

"அது சரி," என்றார் பேச்சியம்மா. அவருக்கு வலக்கைப் பக்கம் வாசல் இருந்தது, வாசலில் விளக்கு இருந்தது, விளக்கோடு சண்முகவடிவு இருந்தார். தட்டு தானாக அந்தப் பக்கம் போனது.

குலவை கிளம்பியது. வேலி மறைத்திருந்ததால் இதுவரை ஒருவரையொருவர் பார்க்காத ஐந்தாம் இலக்கமும் ஒன்பதாம் இலக்கமும் இப்போது நேருக்கு நேர் பார்த்துக் குலவையை வாங்கிக்கொண்டன. அடுத்த தட்டு வந்தது. கூறைச்சேலைத் தட்டு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஓடிவந்தவர்கள் அப்படியே முற்றத்துக்குள் நின்றுவிட்டார்கள். எட்டாம் இலக்கத்தில் நீட்டிய கையோடு நின்ற பிரியந்தி சிணுங்கினாள்:

"எனக்கு இந்தவாட்டி ஒன்னுமே வரலியே!"

"வெறுந்தட்டு திரும்புறப்ப உன் பக்கமா வரும், நில்லுடி!"

பத்து இருபத்தேழுக்குப் பதினோராவது தட்டு விளக்கடியில் இருந்தது. கீழே சத்தம் கேட்டு வீரய்யா குடும்பத்தோடு நடந்து வந்தார். விழுந்து கிடந்த தகரங்களையும், அலவாங்கோடு நின்ற சம்பந்தியையும், வேட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவும் மொறையா சம்பந்தி?"

"வேலி உக்கிப் போச்சுங்க," என்றார் முத்துலிங்கம், முதுகு வளையாமல்.

பக்கத்தில் வந்த மஃறூப், "ஆமாங்க, ரெண்டாவது சுத்துல வேலியப் பிடுங்குறதுதான் மொறை," என்றார். நாகலெட்சுமி அழுத கண்ணோடு சிரிக்கத் தொடங்கியவர், சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை நிறுத்தவில்லை.

வேலி திரும்ப எழும்பவில்லை. இப்போது காலையில் கொழுந்துக்குப் போகிறவர்கள் முத்துலிங்கத்தின் முற்றத்து வழியாகத்தான் போகிறார்கள். அவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். "வாரோம்ண்ணே" என்று சொல்லாமல் யாரும் தாண்டுவதில்லை. அப்படி யாராவது தாண்டினால் இது யாருடைய நிலம் என்று நினைவூட்டுவார். பேச்சியம்மா மட்டும் தினமும் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லாமல் தாண்டுகிறார். அவரும் தினமும் நினைவூட்டுகிறார்.

ராகலைப் பக்கம் இன்னும் ஒரு பேச்சு நடமாடுகிறது: மகளின் பரிசத் தட்டை முத்துலிங்கம் பாதையில் இறங்கி, வாய் திறந்து கேட்டு வாங்கினார் என்று. அது பொய். அவர் கேட்கவில்லை.