ஆள் நடமாட்டம் இல்லாத இடம்

வெர்னா மண்டியிட்டு, மரத்தில் கட்டியிருந்த கேமராவைத் திறந்து மெமரி கார்டை உருவினாள். விரல்கள் விறைத்துப்போயிருந்தன. ஏப்ரல் பிறந்தும் அமெரிக்காவின் மொன்டானா மலையடிவாரத்தில் பனி விட்டபாடில்லை. கரடிகள் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு எந்த வழியாகப் போகின்றன என்று பார்க்க வைத்த நாற்பது கேமராக்களுக்கும் அவள் ஒருத்திதான் ஆள். நாள் முழுக்கப் பேச்சுத்துணைக்கு ஈ காக்கைகூடக் கிடையாது.

வீட்டுக்கு வந்து படங்களைப் பிரிப்பாள். கரடி தனி, மான் தனி. மனிதர் பதிந்த படங்களை அழித்துவிட வேண்டும். அடுத்தவர் முகம் அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்பது விதி. ஒரு கேமரா அவள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அங்கே ஓடையோர மரங்களுக்கடியில் அவளுடையதும் சேர்த்து ஆறு டிரெய்லர் வீடுகள், வண்டியில் கட்டி இழுத்துவந்து நிறுத்தியவை. வீடு அவரவருடையது, நிலம் மட்டும் வாடகை. குப்பை கொட்டப் போகும் பக்கத்து வீட்டு ட்வைட், விறகு சுமக்கும் அவளே என்று எல்லாரையும் இரண்டு வருடமாக அழித்திருந்தாள். ஒரு படம் தப்பியதில்லை என்பதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

அந்த வாரம் கடிதம் வந்தது. நிலத்தை அவள் வேலை பார்க்கும் வனவிலங்கு அறக்கட்டளையே வாங்கிவிட்டதாம், ஜூன் முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம். கடிதத்தோடு நேரே அலுவலகத்துக்குப் போனாள். கரடி வழித்தட வரைபடம் போட்ட கெல்சி அதைப் படித்து நிமிர்ந்தாள்.

"உங்க வீடு அங்கயா இருக்கு?"

"பின்ன? பதினோரு வருஷமா அங்கதாம்மா கெடக்கேன்."

கெல்சி கணினியைத் திருப்பிக் காட்டினாள். கட்டம் கட்டமாக நிலம், கரடி கடக்க எவ்வளவு சிரமம் என்று கட்டத்துக்கு ஓர் எண். வீடு, ரோடு என்றால் பெரிய எண். மரம், தண்ணீர் என்றால் சிறியது. எண் குறைந்த கட்டங்களைக் கோத்துக்கொண்டு ஒரு பச்சைக் கோடு ஆறு வீடுகளின் மேலேயே போயிருந்தது.

"மேலேர்ந்து எடுத்த படத்துல மரந்தான் தெரியுது. கேமராவுல ரெண்டு வருஷமா ஒரு மனுஷனும் விழல. ஆள் நடமாட்டம் பூஜ்யம்னு போட்டுட்டேன்."

"அழிக்கச் சொன்னதே நீங்கதான?"

"படத்தத்தான் அழிக்கச் சொன்னோம். எத்தன பேருன்னு எழுதி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எழுதச் சொன்னது யாரு?"

வெர்னாவுக்கு முதலில் அவமானமாக இருந்தது, கோபம் பிறகுதான் வந்தது.

"இப்ப மாத்திப் போடேன் பாப்போம்."

கெல்சி எண்ணை மாற்றினாள். கோடு அரை மைல் நகர்ந்து, நிலத்தை விற்றவரின் குதிரைப் பண்ணைக்குள் போனது.

"பாத்தியா? நகருது."

"நகருது வெர்னா. ஆனா பத்திரம் பதிஞ்சாச்சு."

சேமிக்கவா என்று கணினி கேட்டது. கெல்சி வேண்டாம் என்று அழுத்தினாள்.

அவ்வளவு பழைய டிரெய்லரை இழுத்துப்போனால் நிறுத்த இடம் கொடுக்க எங்கும் ஆளில்லை. ட்வைட் சொல்லிக்கொள்ளாமலே மகள் வீட்டுக்குப் போய்விட்டான். கடைசியில் இயந்திரம் வந்து அரை மணி நேரத்தில் அவள் வீட்டை நசுக்கி அள்ளிக்கொண்டு போயிற்று. ஊருக்குள் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை கிடைத்தது. யார் போட்ட தொலைக்காட்சியோ, சுவருக்கு அந்தப்பக்கம் பேசிக்கொண்டே இருக்கும்.

வழித்தடம் முடிவானதும் கேமராக்களைக் கழற்றிவிட்டார்கள், அவள் வேலையும் போயிற்று. செப்டம்பரில் கெல்சி நாள்கூலி வேலை பிடித்துக் கொடுத்தாள். அதே ஓடையோரம் அடையாளக் கொடி நட்ட இடமெல்லாம் குழி வெட்டி மரக்கன்று வைக்க வேண்டும். ஒரு கொடி வெர்னாவின் வாசல்படி இருந்த இடத்தில் நின்றது. மண்வெட்டி இறங்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த மேஸ்திரி குனிந்து மண்ணைத் தட்டிப் பார்த்தான்.

"எப்படி இறுகிக் கெடக்கு பாருங்க. வருஷக்கணக்கா கரடி நடந்த தடமா இருக்கும்."

வெர்னா கடப்பாரையைக் கேட்டு வாங்கிக் குத்தத் தொடங்கினாள்.