நாலு தந்தியிலிருந்து ஆறு தந்திக்கு

என் மனைவி வயலினைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. கழுத்து நரம்பில் கோளாறு. இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போய்விட்டன. மருத்துவர் கையை விரித்த அன்று அவள் அழவில்லை. நான்தான் வண்டி நிறுத்துமிடத்தில் சாவியைத் தேடுகிற சாக்கில் அழுதேன்.

நான் கிட்டார்க்காரன். சும்மா இருந்திருக்கலாம். என் சுபாவத்துக்கு அது என்றைக்கு முடிந்திருக்கிறது? அவள் இருபது வருடம் மேடைகளில் தனியாக வாசித்த ஒரு பரோக் கால ஐரோப்பிய இசைக்கோவையை, முந்நூறு வருடத்துக்கு முன் வயலினுக்கென்றே எழுதப்பட்டதை, கிட்டாருக்கு மாற்றப்போகிறேன் என்று அறிவித்தேன். அது வீட்டில் மறுபடி ஒலித்தால் அவளும் பழையபடி ஆகிவிடுவாள் என்று நம்பினேன்.

"செய்ங்க," என்றாள். பென்சில் குறிகள் நிறைந்த தன் பிரதியையே எடுத்துக் கொடுத்தாள்.

வேலை லேசில் பிடிபடவில்லை. வயலினில் வில் ஓடுகிற வரைக்கும் சுரம் நிற்கும். கிட்டாரில் மீட்டிய கையோடு தேய ஆரம்பித்துவிடும். நீண்ட சுரங்களுக்கு அடியில் கனத்த சுரங்களைச் சேர்த்து முட்டுக்கொடுத்தேன்.

"பல்செட் மாட்டின மாதிரி இருக்கு," என்றாள் சமையலறையிலிருந்து.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அடுத்த வாரம், "இப்ப பொக்கை வாய்," என்றாள். இருவரும் சிரித்தோம். அவள் சிரித்துவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எட்டு மாதம் தினமும் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நூலக அரங்கில், அறுபது பேர் முன்னால். ஓரிடத்திலும் சறுக்கவில்லை. முதல் வரிசையில் அவள் கண்ணை மூடியிருந்தாள்.

வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் வாயைப் பிடுங்கினேன்.

"நல்லா இருந்துச்சுங்க. நிஜமாவே. ஒண்ணு சொல்லட்டுமா, கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு நான் தூங்கறேன்னுதானே நினைச்சீங்க? தூங்கல. மனசுக்குள்ள வாசிச்சுக்கிட்டு இருந்தேன். மொதல்லேருந்து கடைசி வரைக்கும், வில்லோட. அங்க என் விரலுக்கு ஒண்ணுமே ஆகல." செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "போன மாசத்துலேருந்து அது வரமாட்டேங்குது. ஆரம்பிச்சா உங்க கிட்டார்தான் கேக்குது."

அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். பரிசு கொடுக்கிறேன் பேர்வழி என்று அதையும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அவ்வளவு ஆசையா செஞ்சுக்கிட்டு இருந்தீங்க."

"உன் பழைய பதிவைப் போட்டுக் கேளு. திரும்பி வந்துடும்."

"கேட்டேன். யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு."

எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொங்கியது. "இனிமே அதை நான் தொடவே மாட்டேன்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மரத்துப்போன இரண்டு விரல்களும் என் கையில் படாமல் விலகி நின்றன.

"வாசிங்க," என்றாள். "நீங்களும் நிறுத்திட்டா எனக்கு அது எங்கயுமே இல்ல."